தலைச்சுற்றும் குளிசையும்: ஆறுதல் எதுவரை?

ஒரு தாயாரை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆறேழு ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாள் விடியற்காலையில் படுக்கையிலிருந்து எழுந்தபோது வீடே சுழன்றது. சுவர் ஓடியது, கூரை சரிந்தது. கட்டிற் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். சத்தி எடுத்தது. பிள்ளைகள் பதறிப்போய் வைத்தியரிடம் கூட்டிச் சென்றனர். "காதுக்குள் இருக்கும் கோளாறுதான், பயப்பட ஒன்றுமில்லை" என்று தேற்றிய வைத்தியர், ஒரு கிழமைக்குக் குளிசை எழுதிக் கொடுத்தார். குளிசை கேட்டது. சுழற்சி அடங்கியது. வீட்டாரும் ஆறுதலடைந்தனர்.

கிழமை முடிந்தது, குளிசை முடியவில்லை. பழைய துண்டை மருந்துக்கடையில் நீட்டினால் மீண்டும் கிடைத்தது. காலப்போக்கில் துண்டும் தேவைப்படவில்லை. வெறும் உறையைக் காட்டினாலே போதும் என்றாயிற்று. இன்று அந்தத் தாயாருக்கு முன்போல் வீடு சுழல்வதில்லை. ஆனால் காலையில் எழும்ப நேரம் செல்கிறது. பகலெல்லாம் விறாந்தையில் சாய்ந்தபடி அரைத்தூக்கத்தில் இருக்கிறார். கேட்டதையே மறுபடியும் கேட்கிறார். செபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போதே விரல் மணியில் நின்றுவிடுகிறது. சுவரைப் பிடித்தே நடக்கிறார். சென்ற மாதம் கிணற்றடியில் விழுந்து கையை உடைத்துக்கொண்டார். "பாவம், வயது போய்விட்டது" என்கிறார்கள் வீட்டார். குளிசையைப்பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை.

இத் தாயார் ஒருவரல்லர். பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் நம்மிடையே எத்தனையோ வீடுகளில் இவரைக் காணலாம். இவருக்கு எவரும் தீங்கு நினைக்கவில்லை. வைத்தியர் நல்லதையே செய்தார். பிள்ளைகளும் அன்பினாலேயே வாங்கிக் கொடுத்தனர். அப்படியிருந்தும் ஒரு தீங்கு நேர்ந்துவிட்டது. அது எந்த இடத்தில் நேர்ந்தது? துன்பத்தை ஆற்றுவது அன்பின் கடமையென்றால் அந்தக் கடமைக்கு ஓர் எல்லை உண்டா? இதுவே நாம் இங்கு சிந்திக்க விழையும் கேள்வி.

காது சொல்லும் பொய்ச்சாட்சி

முதலில் நோயை அறிந்துகொள்வோம். காது கேட்பதற்கு மட்டும் அமைந்த உறுப்பன்று. காதின் உட்புறத்தில், எலும்புக்குள் பொதிந்து, திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உண்டு. தலையைத் திருப்பும்போது அத்திரவம் அசைகிறது. அந்த அசைவை நரம்பு மூளைக்கு அறிவிக்கிறது. அவற்றை அடுத்துள்ள இரு சிறு பைகளில் மணலிலும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் இருக்கின்றன. உடல் எப்பக்கம் சாய்கிறது என்பதை உணர அவை உதவுகின்றன. வலக்காதும் இடக்காதும் ஒத்த சாட்சி சொல்லும்வரை நாம் தடுமாறாமல் நடக்கிறோம். ஒரு காது பிழையான செய்தியை அனுப்பத் தொடங்கினாலோ, நாம் அசையாதிருக்கும்போதே உலகம் சுழல்வதாக மூளை நம்பிவிடுகிறது.

இந்த உண்மையை மருத்துவ உலகம் எளிதில் கண்டுகொள்ளவில்லை. பரிசில் செவிட்டூமைகளுக்கான நிலையத்தில் வைத்தியராகப் பணியாற்றிய புரொஸ்பர் மெனியர் என்பவரே, கடும் தலைச்சுற்று மூளையிலன்றி உட்காதிலும் பிறக்கலாம் என்று 1861 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அதுவரை இத்தகையோருக்கு மூளையில் இரத்தம் பெருகிவிட்டது என்று எண்ணி, இரத்தத்தை வெளியேற்றி, வருத்தக்காரரை மேலும் பலவீனப்படுத்தி வந்தனர். அவர்களும் கருணையோடுதான் அதைச் செய்தார்கள். நோயின் பெயரை அறியாத கருணை எவ்வளவு தூரம் வழிதவறலாம் என்பதற்கு இது ஒரு சான்று.

இன்றும் நாம் 'தலைச்சுற்று' என்ற ஒரே சொல்லுக்குள் பல நோய்களை அடக்கிவிடுகிறோம். முற்கூறிய சுண்ணாம்புத் துகள்கள் இடம் பெயர்ந்து கால்வாய்க்குள் விழுந்துவிட்டால், படுக்கையில் புரளும்போதும் அண்ணாந்து பார்க்கும்போதும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத் தலை சுற்றும். இது மிகப் பொதுவானது. காது நரம்பில் அழற்சி ஏற்பட்டால் நாட்கணக்கில் சுற்றிப் பின்னர் மெல்லத் தணியும். மெனியரின் பெயரால் வழங்கும் நோயில், காதிரைச்சலும் காது அடைப்பும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்துவர, தலைச்சுற்று மணிக்கணக்கில் நீடித்து, மாதங்கள் கழித்து மறுபடியும் வரும். இரத்த அழுத்தம் குறைவதனாலும் சீனி குறைவதனாலும் வரும் கிறுகிறுப்பு முற்றிலும் வேறு. இத்தனை நோய்களுக்கும் ஒரே குளிசை எப்படிப் பொருந்தும்?

குளிசை செய்வது என்ன?

'வேலியம்' என்ற பெயரில் 1963 ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த டயசிபாமும் அதன் இனத்தைச் சேர்ந்த குளிசைகளும், மூளையில் இயல்பாகவே உள்ள அடக்கும் சக்தியைக் கூட்டிவிடுகின்றன. பயம் தணிகிறது, நித்திரை வருகிறது, சமநிலையைக் கவனிக்கும் மூளைப் பகுதியும் அடங்குகிறது. புறோகுளோர்பெரசீன், சினாரிசீன் என்பன வேறு இனத்தவை. சத்தியையும் சுழற்சியையும் தணிப்பவை. தலை தூக்க முடியாமல் சத்தியெடுத்துக் கிடக்கும் ஒருவருக்கு இவை பேருதவி. அதை மறுப்பது நன்றிகெட்டதனமாகும்.

ஆனால் இவை காதைக் குணமாக்குவதில்லை. பொய்ச்சாட்சி சொல்லும் காதைத் திருத்தாமல், அதைக் கேட்கும் மூளையையே மந்தமாக்குகின்றன. இதனால் வரும் முதற்கேடு வெளியில் தெரிவதில்லை. ஒரு காது பழுதடைந்தால் மூளை தானாகவே புதிய கணக்கைக் கற்றுக்கொள்ள வல்லது. கண்ணும் காலும் தரும் செய்திகளைக் கொண்டு சில கிழமைகளில் அது பெரும்பாலும் ஈடுசெய்துவிடும். ஆனால் அசைந்தும் தடுமாறியுமே அதைக் கற்க வேண்டும். குழந்தை விழுந்தெழும்பி நடை பழகுவது போன்றதே இது. மந்தமாக்கப்பட்ட மூளை இந்தப் பாடத்தை மெதுவாகவே கற்கிறது. 1940களில் இங்கிலாந்தில் கோதோர்ன், குக்சி என்னும் இரு வைத்தியர்கள், தலைச்சுற்றால் வருந்தியோரைக் கட்டிலில் கிடத்தி வைக்காமல், கண்ணை அசைத்தல், தலையைத் திருப்புதல், எழுந்து நிற்றல், நடத்தல், பந்தெறிந்து பிடித்தல் என்று படிப்படியாகப் பயிற்றினர். தலைசுற்ற வைக்கும் அசைவுகளையே திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார்கள். சிறிது சுற்றலைப் பொறுத்துக்கொண்டவர்கள் தேறினார்கள். இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் சமநிலைப் பயிற்சிகளுக்கு அதுவே முன்னோடி.

துகள் இடம் பெயர்ந்த நோய்க்கோ குளிசையே பெரும்பாலும் வேண்டியதில்லை. வருத்தக்காரரைப் படுக்க வைத்துத் தலையைக் குறித்த முறையில் படிப்படியாகத் திருப்பி, துகள்களைப் பழைய இடத்துக்குக் கொண்டுசெல்லும் முறையொன்றை அமெரிக்க வைத்தியரான எப்லி 1992 இல் விளக்கி வெளியிட்டார். சில நிமிடங்களே செல்லும். ஒருமுறை அல்லது இருமுறை செய்த அளவிலேயே பலர் குணமடைகின்றனர். இந்நோய்க்கு அடக்கும் மருந்துகளை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மருத்துவர்களின் வழிகாட்டி நூலும் 2017 இல் வலியுறுத்தியுள்ளது. ஐந்து நிமிடத்தில் தீரக்கூடிய நோய்க்கு ஐந்து ஆண்டுகள் குளிசை விழுங்கியவர்களும் இருக்கக்கூடும் என்பதை நினைத்தால் மனம் வருந்தாதா?

மற்றக் கேடுகள் வெளிப்படையானவை. உட்கொண்ட டயசிபாமின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒருநாளுக்கு மேற்செல்லும். முதியோரில் இன்னும் நீளும். அதிலிருந்து உண்டாகும் இன்னொரு பொருள் அதனிலும் அதிக நேரம் உடலில் தங்கும். நேற்றைய குளிசை தீருமுன் இன்றைய குளிசை சேர்கிறது. நடை தள்ளாடுகிறது, ஞாபகம் மங்குகிறது. முதியோர் விழுவதற்கும் இடுப்பெலும்பு முறிவதற்கும் இவ்வினக் குளிசைகள் வழிவகுக்கின்றன என்பது நன்கு அறியப்பட்ட உண்மை. விழாமல் இருக்கக் கொடுத்த மருந்தே விழ வைக்கிறது! புறோகுளோர்பெரசீனையும் சினாரிசீனையும் நெடுங்காலம் எடுத்தால் கை நடுங்கலாம், உடல் இறுகலாம், நடை குறுகலாம். அதைப் புதிய நோயென்று எண்ணி அதற்கும் ஒரு மருந்து தேடுவோர் உண்டு. டயசிபாமை உட்கொண்டவர் மதுவும் அருந்தினால் மூச்சே அடங்கும் அபாயம் உண்டு. மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரும் இயந்திரத்தில் வேலை செய்வோரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, உடல் அக்குளிசைக்குப் பழகிவிடுகிறது. இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் பேராசிரியை ஹெதர் அஷ்டன் 1982 முதல் 1994 வரை, இக்குளிசைகளிலிருந்து விடுபட முடியாமல் தவித்தவர்களுக்கெனவே ஒரு சிகிச்சை நிலையம் நடத்தினார். அங்கு வந்தவர்கள் களவாகப் போதைப்பொருள் தேடியவர்களல்லர். வைத்தியர் எழுதிக் கொடுத்ததை உட்கொண்ட சாதாரண மனிதர்கள். இரண்டு முதல் நான்கு கிழமைகளுக்கு மேல் கொடுக்கலாகாது என்று 1988 இல் பிரித்தானிய மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவுறுத்தியது. பழகிப்போகும் அபாயத்தைப்பற்றி அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகமும் 2020 இல் தனது எச்சரிக்கையைக் கடுமையாக்கியது.

இரு தவறுகள்

இதையெல்லாம் கேட்டதும், "குளிசையே வேண்டாம், துன்பத்தை ஒப்புக்கொடுத்துப் பொறுத்துக்கொள்வோம்" என்று சிலர் முடிவு கட்டலாம். நம்மவரிடையே இந்த எண்ணம் ஆழமாக வேரூன்றியுள்ளது. அது ஒரு தவறு. 1957 ஆம் ஆண்டு பெப்ரவரியில், மயக்கமருந்து வைத்தியர்கள் எழுப்பிய கேள்விகளுக்குப் பாப்பரசர் 12 ஆம் பத்திநாதர் விடையளித்தார். வலியைத் தணிக்கும் மருந்தை மறுக்க வேண்டும் என்ற கடமை எவருக்கும் பொதுவாக இல்லை என்று அவர் தெளிவுபடுத்தினார். அன்பின் பொருட்டு ஒருவர் தாமாகத் துன்பத்தை ஏற்கலாம்; அதைப் பிறர்மீது சுமத்த முடியாது. கடுந்துன்பம் சிலவேளை மனத்தின் பலத்தையே உறிஞ்சிவிடும் என்பதையும் அவர் மறக்கவில்லை. ஆகவே, சுழலும் தலையோடு சத்தியெடுத்துக் கிடக்கும் ஒருவரிடம் "பொறுத்துக்கொள்" என்று உபதேசிப்பது பக்தியாகாது.

அதே பாப்பரசர் இன்னொன்றையும் சொன்னார். தகுந்த பெருங்காரணமின்றி ஒரு மனிதரிடமிருந்து அவரது சுயநினைவைப் பறித்தல் ஆகாது என்றார். 1980 இல் திருச்சபை வெளியிட்ட அறிக்கையொன்றிலும் இது மீண்டும் நினைவூட்டப்பட்டது. அங்கு பேசப்பட்டது பெரும்பாலும் மரணப்படுக்கையில் இருப்போரைப்பற்றியே. எனினும் அதன் கருத்து, இன்னும் பல்லாண்டு வாழவேண்டிய ஒருவருக்கு அதிகமாகவே பொருந்துமல்லவா? தெளிந்த மனம் மனிதருக்குரிய உயர்ந்த செல்வம். அதைக்கொண்டே அவர் செபிக்கிறார், நேசிக்கிறார், நல்லது கெட்டதைத் தீர்மானிக்கிறார். அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிட்டு, "அம்மாவுக்கு இப்போது சுகம்" என்று சொல்வது மற்றைய தவறு.

இவ்விரு தவறுகளுக்கும் நடுவே வழியைக் காட்டுவது விவேகம் என்னும் புண்ணியம். ஒரு செயலால் நன்மையும் தீமையும் சேர்ந்து விளையுமானால், நாடப்படுவது நன்மையாக இருக்க வேண்டும். ஏற்கப்படும் தீமைக்கு அந்த நன்மை ஈடாகவும் இருக்க வேண்டும் என்று ஒழுக்கவியலார் கூறுவர். இந்த நிறுவையில் காலத்தையும் வைத்துப் பார்ப்போம். முதல் மூன்று நாளில் குளிசை தரும் நன்மை பெரிது, தீமை சிறிது. மூன்று மாதம் கடந்தபின் நன்மை குறைந்து தீமை ஏறுகிறது. மூன்று ஆண்டுகளுக்குப் பின்னரோ தட்டு மறுபக்கம் சாய்ந்தே விடுகிறது. குளிசை அதேதான், அளவும் அதேதான், கொடுக்கும் கையின் அன்பும் அதேதான். மாறியது காலம் மட்டுமே. நேற்று அன்பாக இருந்த ஒரு செயல், இன்று மறுபடியும் நிறுத்துப் பார்க்கப்படாததால் அசட்டையாகிவிட்டது. நாம் தேடிய இடம் இதுவே. தீங்கு முதற்குளிசையில் நேரவில்லை; "இன்னும் தேவையா?" என்று எவரும் கேட்காத அந்த நாளில் நேர்ந்தது.

யாருக்கு ஆறுதல்?

இன்னொரு கேள்வியையும் மனச்சாட்சியின் முன் வைக்க வேண்டியிருக்கிறது. அது சற்றுக் கசப்பானது. குளிசை யாருக்கு ஆறுதல் தருகிறது? வருத்தக்காரருக்கா, வீட்டாருக்கா?

தூங்குகிறவர் கூப்பிடுவதில்லை. அவரைப் பிடித்து நடத்த வேண்டியதில்லை. பயிற்சி செய்ய வைக்க வேண்டியதில்லை. அவரது பயத்தைக் கேட்க வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து மகன் தொலைபேசியில் அழைக்கும்போது "அம்மா நித்திரை" என்ற பதில் கிடைக்கிறது. மாதாமாதம் அவன் அனுப்பும் பணத்தில் குளிசையும் வாங்கப்படுகிறது. தான் தன் கடமையைச் செய்வதாகவே அவனும் நம்புகிறான்.

இதைச் சொல்லும்போது, தனி ஒருத்தியாகத் தாயைப் பராமரிக்கும் மகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாகாது. இரவிலே மூன்றுமுறை எழும்பி, பகலிலே சமைத்து, பிள்ளைகளையும் பார்த்துக் களைத்துப்போனவள் அவள். ஒரு மணிநேர அமைதியை அவள் விரும்பினால் அது பாவமா? குற்றம், சுமையை அவள்மீது விட்டுவிட்டு விலகி நிற்கும் மற்றவர்கள்மீதே இருக்கிறது. பலர் பங்குபோட வேண்டிய வேலையை ஒருத்தியிடம் விட்டால், மிகுதியை அவள் குளிசையிடம்தான் விடுவாள். சகோதரர்களும் மருமக்களும் அயலவரும் முறைவைத்து ஒரு மணிநேரம் அந்தத் தாயாரோடு நடந்தால், குளிசையின் வேலையில் ஒரு பகுதி குறைந்துபோகும்.

வருத்தக்காரருக்கும் ஒரு சொல். சுழற்சியைக் கண்டவருக்கு, அது திரும்பி வருமோ என்ற பயம் நோயிலும் கொடியது. அந்தப் பயத்தினாலேயே சுற்றல் இல்லாத நாளிலும் குளிசையைத் தாயத்துப்போல் மடியில் வைத்திருப்போர் உண்டு. இவர்களைக் கேலி செய்யலாகாது. ஆனால் பயத்துக்குத் துணை தேவை, விளக்கம் தேவை. "இது உயிரைக் கொல்லும் நோயல்ல, சிறிது சுற்றினாலும் விழவிடமாட்டேன், நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்ற சொல் செய்யும் வேலையைக் குளிசை செய்ய இயலாது.

மெனியர் நோய் போன்றவற்றால் நெடுங்காலம் வருந்துவோரில் சிலருக்கு, கடும் சுழற்சி வரும் நாட்களுக்கென்று குளிசை கைவசம் இருக்கவே வேண்டும். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. அவசரத்துக்கு எடுக்கும் குளிசை வேறு. நாள்தோறும் ஏனென்று அறியாமல் எடுக்கும் குளிசை வேறு.

செய்ய வேண்டியவை

இதை வாசித்துவிட்டு எவரும் இன்றிரவே குளிசையை வீசிவிட வேண்டாம். அது பேராபத்து. நெடுநாள் எடுத்த டயசிபாம் இனக் குளிசையைத் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் நித்திரையின்மையும் படபடப்பும் வரும். சிலருக்கு வலிப்பும் வரலாம். தலைச்சுற்றும் சிலகாலம் கூடக்கூடும். அதைக் கண்டு நோய் திரும்பிவிட்டதென்று மயங்கிவிடுகிறோம். வைத்தியரின் மேற்பார்வையில், கிழமைக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், சிறிது சிறிதாகக் குறைப்பதே முறை. சிலரில் முற்றாக நிறுத்த இயலாமலும் போகலாம். அளவைக் குறைத்தாலும் அது இலாபமே.

வைத்தியரிடம் செல்லும்போது, வீட்டிலுள்ள எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுசெல்லுங்கள். நான்கு கேள்விகளைப் பணிவோடு, ஆனால் தெளிவாகக் கேளுங்கள். இந்தத் தலைச்சுற்றுக்கு என்ன காரணம்? தலையைத் திருப்பிச் செய்யும் சிகிச்சை இதற்குப் பொருந்துமா? பயிற்சி ஏதும் உண்டா? இந்தக் குளிசை எந்தத் திகதிவரை? வைத்தியரைக் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மவர் எண்ணுவதுண்டு. நல்ல வைத்தியர் இக்கேள்விகளை விரும்பவே செய்வார். நிறைந்து வழியும் வெளிநோயாளர் பிரிவில் அவருக்கு நேரம் போதாமல் விட்டுப்போனதை நமது கேள்வி நினைவூட்டும்.

நமக்குக் கொடுத்த குளிசையை அயல்வீட்டாருக்கு இரங்கிக் கொடுக்கலாகாது. இருளில் எழும்பாதபடி இரவில் ஒரு சிறு விளக்கு, குளிக்குமிடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு தடி, பாசி பிடியாத நிலம், படுக்கையில் சற்று இருந்துவிட்டு எழும்பும் பழக்கம் ஆகியன சிறியவையாகத் தோன்றினாலும் எலும்பைக் காப்பவை. தலைச்சுற்றோடு பேச்சுக் குழறினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, கைகால் சோர்ந்தாலோ, கடுந்தலையிடி திடீரென வந்தாலோ, நிற்கவே இயலாமற் போனாலோ, அது காதின் கோளாறாக இல்லாமல் மூளையைத் தாக்கும் பாரிசவாதமாக இருக்கலாம். அப்போது குளிசை கொடுத்துப் படுக்கவைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நமது தாயாரிடம் திரும்புவோம். அவருக்கு ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், அவருக்காகவே எல்லாம் தீர்மானிக்கப்பட்டது. அவரிடம் உண்மையைச் சொல்லிக் கேட்டுப் பார்த்தோமா? "அம்மா, இந்தக் குளிசையைக் குறைத்தால் கொஞ்சநாள் தலை சுற்றும், ஆனால் பகலில் தெளிவாக இருப்பீர்கள், பேரப்பிள்ளைகளோடு கதைக்கலாம், கோவிலுக்குப் போகலாம். என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்டால் அவர் என்ன சொல்வாரோ! சிறிது சுற்றலை ஏற்றுக்கொள்ள அவர் துணியலாம், துணியாமலும் விடலாம். இரண்டும் அவருடைய உரிமை. கேட்காமலே தூங்கவைக்கும் உரிமை நமக்கு இல்லை.

இன்று மாலை செபமாலை முடிந்தபின், வீட்டிலுள்ள மருந்துப் பெட்டியை ஒருமுறை திறந்து பாருங்கள். ஒவ்வொரு குளிசையையும் கையிலெடுத்து, இது எதற்கு, எப்போதிருந்து, இன்னும் தேவையா என்று கேளுங்கள். விடை தெரியாத குளிசை ஒன்று இருக்குமானால் அதைத் தனியே எடுத்துவைத்து, அடுத்தமுறை வைத்தியரிடம் செல்லும்போது மறவாமல் கொண்டுசெல்லுங்கள்.